விவாக வீட்டில் இரண்டாவது கமரா

புத்தளம் களப்புக்கும் இந்து சமுத்திரத்துக்கும் நடுவே, பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரையில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீண்டு செல்லும் மணற்பாங்கான தீபகற்பத்தில், 900 மெகாவாற் கொள்ளளவுடைய நுரைச்சோலை அனல் மின் நிலையத்துக்கு அயலிலே, 2010ஆம் ஆண்டு முதல் கரையோரமாகச் சுழன்றுவரும் காற்றாலைகளினால் வெளியூராருக்கும் பெயர் தெரியவந்த கிராமம் மாம்புரி. தென்னையும் வெங்காயமும் மிளகாயும் கடற்றொழிலும் ஜீவனோபாயமாக உள்ள இக்கரையிலே ஒரு வீட்டில் விவாகம் நிச்சயமானதும் பேச்சுக்கு வருகின்ற செலவுகளில், சமையற்காரர், பந்தல், உடுப்பு, நகை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இக்காலத்தில் புகைப்படம் ஸ்திரமான ஓரிடத்தைப் பெற்றுவிட்டது. புகைப்படக்காரர் வேண்டுமா என்று எவரும் இப்போது கேட்பதில்லை. ஒருவர் போதுமா, இன்னொருவரையும் அமர்த்த வேண்டுமா என்பதே கேள்வி. கடன் வாங்கிக் கலியாணம் செய்யும் குடும்பங்கள் பலவாக உள்ள ஊர்களில் இது அற்பமான கேள்வியன்று. நிதானமாக யோசித்து விடை காணத்தக்கது.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை விருந்தாளிகளின் தொகையை ஒட்டியது. ஐந்நூறு பேருக்கு அழைப்பு என்றால் இருவர், இருநூறு பேருக்கு என்றால் ஒருவர் என்று படப்பிடிப்பு நிலையத்தாரும் சொல்வர். அனுபவப்பட்ட உறவினரும் சொல்வர். இந்த அளவுகோல் பிழையானது என்பது என் அபிப்பிராயம். ஆயிரம் பேர் கூடினாலும் அவர்கள் ஒரே மண்டபத்தில் ஒரு குடும்பத்தின் பின் ஒரு குடும்பமாக மேடையேறி மணமக்களோடு நிற்பார்களானால், பொறுமையுள்ள ஒருவர் அவர்கள் அனைவரையும் எடுத்து முடித்துவிடுவார். ஐம்பது பேரே கூடினாலும், அவர்களிற் பாதிப் பேர் ஓரிடத்திலும் மற்றப் பாதிப் பேர் வேறோரிடத்திலுமாக இருந்து, ஒரே நாழிகையில் அந்த விவாகத்தின் இரு கூறுகளையும் நிறைவேற்றுவார்களானால், எத்துணை வல்லவராயினும் ஒருவரால் அவ்விரண்டையும் எடுக்க இயலாது. எத்தனை பேர் என்பதை விட்டு, ஒரே வேளையில் எத்தனை இடங்கள் என்பதையே நாம் கேட்க வேண்டும்.

இக்கேள்வி நம் முன்னோருக்கு எழவில்லை. எழுவதற்குக் காரணமும் இருக்கவில்லை. கற்பிட்டியில் 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையெல்லாம் அகராதி முறையில் வரிசைப்படுத்திய தமது நூலை 1834இல் வெளியிட்டபோது, புகைப்படக் கலை உலகறிய வெளிவந்திருக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1839இலேயே அது பாரிஸ் மாநகரில் பகிரங்கமாயிற்று. கொழும்பில் பிளாட்டே போன்ற நிலையங்கள், 1890இலும் அதன் பின்னரும், வசதியுள்ளவர்களின் உருவங்களைப் பதிந்து கொடுத்தன. அக்காலத்து மணமக்கள் தாமே படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்று, திரைச்சீலையின் முன் அசையாது நின்று, ஓரிரு படங்களுடன் திரும்பினர். பிற்காலத்தில் கமரா விவாக வீட்டுக்கே வந்தபோதும், சதுரப் படங்கள் தரும் பெரிய சுருளில் 12 படங்களும், 35 மில்லிமீற்றர்ச் சுருளில் 36 படங்களுமே கிடைத்தமையால், புகைப்படக்காரர் ஒவ்வொரு முறை விசையை அழுத்துமுன்னும் மனத்திற் கணக்கிட்டார். சுருளும் கழுவும் செலவுமே எல்லையாக நின்ற அந்த நாளில் இரண்டாமவருக்கு வேலையே இல்லை. இன்றோ ஒரு சிறு நினைவு அட்டையில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்குகின்றன. சுருள் விதித்த எல்லை நீங்கிவிட்டது. ஒரு மனிதர் ஒரே வேளையில் ஓரிடத்திலேதான் நிற்க முடியும் என்ற எல்லை மாத்திரம் மிஞ்சியிருக்கிறது.

அந்த எல்லை மிக வெளிப்படையாகத் தெரிகின்ற சந்தர்ப்பம் முஸ்லிம் வீட்டு விவாகம். நிக்காஹ் பள்ளிவாசலிலோ, மண்டபத்தின் ஆண்கள் பகுதியிலோ நடைபெறுகிறது. மணமகன், மணமகளின் வலியாகிய தந்தை அல்லது நெருங்கிய ஆண் உறவினர், சாட்சிகள் இருவர், பதிவாளர், குத்பா ஓதுகின்ற மௌலவி, சூழ அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர் ஆகியோரே அங்குள்ளவர்கள். மஹர் இன்னதென்று கூறப்பட்டு, வலி ஒப்புக்கொடுக்க, மணமகன் ஏற்றுக்கொண்டதாக மொழிகின்ற அந்தச் சில நிமிஷங்களில் விவாகம் நிறைவேறிவிடுகிறது. அதே நிமிஷங்களில் மணமகள், வீட்டின் உள்ளறையில், உம்மாவும் ராத்தாமாரும் மாமிமாரும் தோழியரும் சூழ அமர்ந்து, அங்கிருந்து வரும் செய்திக்காகக் காத்திருக்கிறாள். முதல் நாளிரவு இட்ட மருதோன்றியின் செம்மை அவள் கைகளில் இன்னும் மங்கவில்லை. நிக்காஹ் முடிந்தது என்ற சொல் தொலைபேசியிலோ, ஓடிவரும் ஒரு சிறுவனின் வாயிலோ வந்து சேர்கின்ற அந்தக் கணத்தில் உம்மாவின் முகத்தில் தோன்றுவது என்ன, மணமகளின் கண்களில் தோன்றுவது என்ன என்பதை, பள்ளிவாசலில் நிற்கும் புகைப்படக்காரர் அறியமாட்டார்.

"தம்பி, நீங்க பள்ளிக்குப் போயிட்டா இங்க புள்ளய யாரு எடுக்கிறது?" என்று வீட்டுப் பெண்களில் ஒருவர் கேட்பார், அதற்கு, "நிக்காஹ் முடிஞ்சதும் வந்து எடுத்துத் தாறேன், ராத்தா" என்று புகைப்படக்காரரும் மனப்பூர்வமாகவே பதில் சொல்வார். ஆனால் முடிந்தபின் வந்து எடுப்பது, முடிகின்ற வேளையை எடுப்பதாகாது. அலங்கரித்த நாற்காலியில் மணமகளை இருத்தி, முகத்திரையைச் சரிசெய்து, புன்னகை செய்யச் சொல்லி எடுத்த இருபது படங்கள் கிடைக்கும். அவை அழகாகவும் இருக்கும். அந்நாளின் சத்தியம் அவற்றில் இராது.

இதனை நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் முஸ்லிம்களின் விவாகம், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவாகிறது. அந்தச் சட்டம் மணமகனிடமும் வலியிடமும் கேட்பதுபோல மணமகளின் கையொப்பத்தைப் பதிவேட்டில் கேட்பதில்லை. இச்சட்டத்தின் சீர்திருத்தத்தை ஆராய்வதற்கு 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழுவின் அறிக்கை 2018இல் சமர்ப்பிக்கப்பட்டது. அதன்மீதான விவாதங்களை நியாயவாதிகளும் உலமாக்களும் பெண்கள் அமைப்பினரும் நடத்தி வருகின்றனர். அந்த விவாதத்துள் இக்கட்டுரை புகவில்லை. எழுத்திலே மணமகளின் கை படாத ஒரு நிகழ்ச்சியில், படத்திலும் அவ்வேளைக்குரிய அவளுடைய முகம் இல்லாது போனால், தன் விவாகம் நிறைவேறிய நாழிகையில் தான் எங்கிருந்தாள், எவ்வாறிருந்தாள் என்பதற்கு அவளிடம் யாதொரு சான்றும் எஞ்சாது என்பதையே நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். நாற்பது ஆண்டுகளின் பின் பேரப்பிள்ளைகள் அல்பத்தைப் புரட்டும்போது, உப்பாவின் பக்கம் முழுமையாகவும் உம்மும்மாவின் பக்கம் வெறுமையாகவும் இருப்பது நீதியன்று. ஆதலால் இத்தகைய விவாகத்தில் இரண்டாவது புகைப்படக்காரரை ஆடம்பரத்தின் கணக்கில் எழுதுவது தவறு. அவர் இல்லாவிடில் விவாகத்திற் பாதி பதிவாகாமலே போகிறது.

அவ்விரண்டாமவர் ஒரு பெண்ணாக இருத்தல் வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தே வருகிறது. உள்ளறையில் அந்நிய ஆண் நுழையும்போது பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு, பேச்சை நிறுத்தி, சுவரோரமாக ஒதுங்குவர். அப்போது கமராவிற் பதிவது அந்த ஒதுக்கமேயன்றி அவர்களுடைய மகிழ்ச்சியன்று. ஒரு பெண் கமராவுடன் அவர்கள் நடுவே அமர்ந்திருந்தால், கால் மணி நேரத்தில் அவளை மறந்து தம் இயல்புக்குத் திரும்பிவிடுவர். நல்ல கருவியையும் நெடிய அனுபவத்தையும்விட இங்கே பயன்தருவது இந்தச் சகஜ பாவம்.

புத்தளம் பிரதேசத்தில் இரண்டாமவரை அமர்த்துவதற்கு மற்றொரு கனமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் புத்தளத்துக்கும் கற்பிட்டித் தீபகற்பத்துக்கும் வந்து சேர்ந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்தோர்க்கு இரண்டு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. உடைமைகளையெல்லாம் விட்டுப் புறப்பட்டவர்கள் சுவரில் மாட்டிய படங்களையும் பெட்டியில் வைத்த அல்பங்களையும் எடுத்துவருவது எங்ஙனம்? தாயின் விவாகப் படம் ஒன்றுகூட இல்லாத வீட்டில் மகளின் விவாகத்துக்கு இரு புகைப்படக்காரர்களை அமர்த்த விரும்பினால், அதனை வீண் பெருமை என்று எவரும் எளிதிற் சொல்லிவிடலாகாது.

இனி, மறுபுறத்தையும் அவ்வளவே உறுதியாகச் சொல்ல வேண்டும். தலவிலையிலுள்ள புனித அன்னாள் ஆலயத்தின் பெயரால் நாடெங்கும் அறியப்பட்ட இக்கரையின் கத்தோலிக்கர் வீட்டு விவாகத்தில், காரியங்கள் அனைத்தும் ஒரே கூரையின் கீழ் நிகழ்கின்றன. மணமகளைத் தகப்பனார் கைப்பிடித்து அழைத்துவர, பீடத்தின் முன் மணமகன் காத்திருக்க, இருவரும் ஒருவரையொருவர் நோக்கிச் சம்மதம் கூறி, மோதிரம் மாற்றி, அங்கேயே பதிவேட்டிற் கையொப்பமும் இடுகின்றனர். குருவானவர்கள் பலர் பீடத்தின் அருகே புகைப்படக்காரர் உலாவுவதை விரும்பமாட்டார்கள். அவ்வாறான பூசை வேளையில் இருவர் இருபுறமும் நின்று மின்னொளி பாய்ச்சுவதால் வழிபாட்டின் கம்பீரம் குலைவதன்றி, பெறும் பயன் சொற்பம். மணமகன் வீடும் மணமகள் வீடும் அதே ஊரிலோ அயலூரிலோ இருப்பின், காலையில் முதலில் மணமகன் வீட்டுக்கும் பின்னர் மணமகள் வீட்டுக்கும் சென்றுவர ஒருவருக்கே போதிய நேரம் உண்டு. இத்தகைய விவாகத்துக்கு இரண்டாமவர் அனாவசியம் என்றே நான் கூறுவேன். உடப்புக் கிராமத்தைப்போன்ற இந்துக்களின் ஊர்களில் நிகழும் விவாகமும் ஏறக்குறைய அவ்விதமே: மணவறை ஒன்று, முகூர்த்தம் ஒன்று. தாலி கட்டும் வேளையில் அறுகரிசி தூவுவதற்காக அனைவரும் எழுந்து நின்று மறைத்துவிடும் தொல்லைக்காக மாத்திரம் இரண்டாமவரை நாட வேண்டியதில்லை. மணவறையின் ஒரு பக்கத்தை மறைக்காது விடும்படி பெரியவர் ஒருவர் முன்னதாகவே சொல்லிவைத்தால் போதும்.

ஆயினும் இவ்விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. அது இப்பிரதேசத்தின் வெளிச்சத்திலிருந்து பிறப்பது. மேற்குக் கடலைப் பார்த்த கரையாகையால் அஸ்தமன வேளையில் மணமக்களைக் கடலோரம் நிறுத்திப் படமெடுக்கும் ஆசை அநேகமாக எல்லோருக்கும் உண்டு. ஐரோப்பாவில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் அந்திப் பொழுதின் மெல்லிய வெளிச்சத்தில் ஆறுதலாக எடுக்கலாம் என்று சொல்லும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 பாகையில் இருக்கும் நமக்கோ சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாகவே கடலில் இறங்குவதால், அஸ்தமித்த பின் இருபது நிமிஷங்கள் அளவில் படமெடுக்கத்தக்க வெளிச்சம் அற்றுவிடும். அந்தச் சொற்ப நேரத்துக்குள் மணமக்கள் கடற்கரைக்குப் போனால், பந்தலில் கூடியிருக்கும் முதியவர்களை யார் எடுப்பது? முதியவர்களை எடுத்துக்கொண்டிருந்தால் கடற்கரை வாய்க்காது. மாலை விருந்து ஏற்பாடு செய்துள்ளவர்கள் ஒன்றில் இருவரை வைத்துக்கொள்ள வேண்டும், அன்றேல் முதியவர்களின் படங்களை நான்கு மணிக்கே முடித்துவிட வேண்டும். இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. கட்டுப்பாடு மாத்திரம் வேண்டும். வாப்பும்மாவோ பாட்டனாரோ களைத்து உறங்கச் செல்லுமுன் அவர்களை எடுத்துவிடும் நன்மையும் அதிலே அடங்கியிருக்கிறது.

காற்றையும் மறக்கலாகாது. காற்றாலைகளை இக்கரையில் நாட்டியதற்குக் காரணமான அதே தென்மேல் பருவக்காற்று, மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரையில் மணலையும் உப்பையும் சுமந்து வீசும். அக்காலத்தில் வெளியே நின்று லென்ஸைக் கழற்றி மாற்றுபவரின் கமராவுக்குள் மணல் புகுவது நிச்சயம். ஆகவே ஒருவரே போதும் என்று தீர்மானிப்பவர்கள், அவரிடம் இரண்டு கமராக்கள் உண்டா, ஒன்றில் அகன்ற காட்சிக்குரிய லென்ஸும் மற்றதில் தொலைவுக்குரிய லென்ஸும் பொருத்திவைத்து, மாற்றாமலே வேலை செய்வாரா என்று கேட்டறிதல் நன்று. ஒன்று பழுதுபட்டால் மற்றது கைகொடுக்கும். இரண்டு நினைவு அட்டைகளில் ஒரே படத்தை ஒருங்கே பதியும் கமராக்களும் இப்போது சாமானியமாகக் கிடைக்கின்றன. கருவி பழுதாகிவிடுமோ என்ற பயத்துக்காக மாத்திரம் இன்னொரு மனிதரை அமர்த்துவோர் இவ்விரண்டையும் விசாரித்தபின் அந்தச் செலவைத் தவிர்த்துவிடலாம்.

இருவர் என்று தீர்மானித்தவர்களுக்கு முதலாவது எச்சரிக்கை, அந்த இரண்டாமவர் யார் என்பதைப் பற்றியது. விளக்குப் பிடிப்பதற்காக வரும் இளைஞரையும், தொழில் பழகுவதற்காகக் கூட்டத்தோடு வருபவரையும் இரண்டாவது புகைப்படக்காரர் என்று கணக்கில் எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தனித்து நின்று முழு விவாகம் ஒன்றை எடுத்த அனுபவம் அவருக்கு உண்டா என்று கேட்டு, அவர் எடுத்த படங்களையே காட்டச் சொல்ல வேண்டும். நிலையத்தாரின் சிறந்த படங்களைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைவதில் அர்த்தமில்லை. அடுத்தது, இருவரின் கமராக்களிலும் உள்ள கடிகாரங்களை அன்று காலையில் ஒரே நேரத்துக்குச் சரிசெய்துகொள்ளும்படி சொல்லிவைப்பது. பள்ளிவாசலில் ஏற்றுக்கொண்டேன் என்ற சொல் பிறந்த நிமிஷத்தையும் உள்ளறையில் உம்மா கண்ணைத் துடைத்த நிமிஷத்தையும் அல்பத்தின் ஒரே பக்கத்தில் எதிரெதிரே வைக்க வேண்டுமானால், நேரக் குறிப்பே அதற்கு ஆதாரம். கடிகாரங்கள் பத்து நிமிஷம் பிசகியிருந்தால் ஆயிரம் படங்களின் நடுவே அந்த ஜோடியைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும் பிரயாசை. வெவ்வேறு கம்பனிகளின் கமராக்கள் தோலின் நிறத்தை வெவ்வேறு விதமாகப் பதியும் இயல்புடையன. இருவரின் படங்களையும் ஒருவரே இருந்து நிறம் ஒத்துப்போகச் செய்து தருவாரா என்பதும் முன்கூட்டியே பேசித் தீர்க்கவேண்டிய விஷயம்.

பெண்கள் பகுதியிலே எடுத்த படங்களின் பாதுகாப்பைப் பற்றி நம் வீடுகளில் போதிய சிந்தனை செலுத்தப்படுவதில்லை. பெண் ஒருத்தி எடுத்தாள் என்ற நம்பிக்கையில் முக்காடின்றி நின்றவர்களின் படங்கள், பின்னர் நிலையத்தில் ஆண்களின் கையிலே செப்பனிடப்பட்டு, விளம்பரத்துக்காக முகநூலில் வெளியிடப்படுமானால், அந்த நம்பிக்கை முற்றாக முறிந்துவிடும். அப்படங்களைச் செப்பனிடுபவர் யார், எத்தனை பிரதிகள் எவரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும், மணமகளின் எழுத்துமூல அனுமதியின்றி ஒரு படமும் வெளியே போகாது என்பதற்கு உறுதி என்ன என்பவற்றை ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளாகவேனும் எழுதிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி விடுவது இவ்விஷயத்தில் தகாது. பந்தலுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட விரும்புவோரும், அது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டது என்பதோடு, அயல் வீட்டு முற்றங்களிலுள்ள பெண்களும் அதிலே பதிவாகின்றனர் என்பதையும் மனத்திற் கொள்வது நல்லது.

பணத்தைப் பொறுத்தமட்டில், இரண்டாமவரின் கூலி மாத்திரமே மேலதிகச் செலவு என்று எண்ணிவிடக்கூடாது. படங்கள் பெருகினால் தெரிவு செய்யும் வேலையும் பெருகும். அல்பத்தின் பக்கங்களும் பெருகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் விலை உண்டு. இரண்டாமவர் வேண்டியதில்லை என்று கண்ட குடும்பத்தார், மிஞ்சும் தொகையை நல்ல தாளில் அச்சிடுவதற்குச் செலவிடலாம். களப்பின் ஈரமும் கடலின் உப்பும் கலந்த காற்று வீசும் ஊரில் மலிவான அல்பம் சில ஆண்டுகளிலேயே பூசணம் பிடித்து ஒட்டிக்கொள்ளும்; கைத்தொலைபேசியில் மட்டும் இருக்கும் படங்கள் அந்தத் தொலைபேசியோடு போய்விடும். அச்சிட்ட பிரதி ஒன்றும், இரு வேறு வீடுகளில் வன்தட்டுப் பிரதிகள் இரண்டும் இருத்தல், எத்தனை புகைப்படக்காரர்களை அமர்த்தினாலும் இன்றியமையாதது.

எவரை எடுக்க வேண்டும் என்பதைப் புகைப்படக்காரர் தாமாக அறியமாட்டார் என்பதால், உறவுமுறை தெரிந்த ஒருவரை அவர் பக்கத்தில் நிறுத்துவதும் அவசியம். ஆண்கள் பகுதிக்கு மச்சான் ஒருவர், பெண்கள் பகுதிக்கு ராத்தா ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து அந்த ஒரு நாளுக்காக வந்துள்ளவர், நோயினால் மூலையில் அமர்ந்திருப்பவர், சமையற்கட்டை விட்டு வெளியே வராத பெரியம்மா ஆகியோரை இத்தகைய வழிகாட்டி இல்லாவிடில் இருவர் என்ன, நால்வர் வந்தாலும் தவறவிட்டுவிடுவர்.

பெண் புகைப்படக்காரர்கள் இக்கரையில் எளிதிற் கிடைப்பதில்லை. பெரும்பாலும் புத்தளம் நகரிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வரவேண்டியவர்கள். நோன்பு மாதத்தில் விவாகங்கள் நடைபெறாமல், பெருநாளுக்குப் பின்னர் அவை நெருங்கி வருவதால், அக்கிழமைகளில் அவர்களுக்கு ஒரே நாளில் பல அழைப்புக்கள் சேர்ந்துவிடும். ஆகையால் மண்டபத்துக்கும் சமையற்காரருக்கும் முன்பணம் கொடுக்கின்ற அதே கிழமையிலேயே இதனையும் தீர்மானித்து, முன்பணம் கொடுக்குமுன் அந்தப் பெண்மணியோடு மணமகளே ஒரு தடவை பேசி, தன் பக்கத்தில் என்னென்ன நடைபெறும், எவற்றை எடுக்க வேண்டும், எவற்றை எடுக்கலாகாது என்று தன் வாயாற் சொல்லிவிடுவது உத்தமம்.